மல்லாந்தா, குப்புறவா? ஒரு கண் ஆபரேஷனின் படுக்கை வரலாறு

விழித்திரை விலகலுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட மூன்று பேரை ஓர் அறையில் உட்காரவைத்து, "டாக்டர் உங்களை எப்படிப் படுக்கச் சொன்னார்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரு வாரம் குப்புற என்பார். இன்னொருவர் இடப்பக்கம் ஒருக்களித்து என்பார். மூன்றாமவர், நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும் என்றார்களே என்பார். கூட எண்பது வயதுக்காரர் ஒருவரும் இருந்துவிட்டால் தீர்ந்தது கதை. மல்லாந்து படுக்கவைத்து, இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்த காலத்தை அவர் சொல்லுவார். நான்கு பேர் சொல்வதும் உண்மை. அதைவிட வேடிக்கை, நான்குமே சரி.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகி இப்போது நாக்பூரில் இருப்பவன். பற்று எங்கே, வரவு எங்கே என்று பார்ப்பதுதான் தொழில். இரண்டு வருடத்துக்கு முன் என் வலது கண்ணில் ரெட்டினா கழன்றுவிட்டது. சின்ன வயதிலிருந்தே மைனஸ் 9 கண்ணாடி. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகமாம். இங்கேயே ஆபரேஷன் ஆயிற்று. முதல் நாள் முழுக்கக் குப்புற, பிறகு ஒரு வாரம் தலையைச் சற்று உயர்த்தி இடப்பக்கமாக, எக்காரணம் கொண்டும் மல்லாந்து படுக்கக் கூடாது. இதுதான் உத்தரவு.

மறுநாள் திருநெல்வேலியிலிருந்து பெரியம்மா போன் செய்தார். அவருக்கு 82 வயது. அவருடைய மாமனாருக்கு 1960களின் கடைசியில் சென்னையில் இதே ஆபரேஷன் நடந்திருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டு என் மனைவி போனைத் தரையில் வைத்தாள் (என் முகம் அங்கேதான் இருந்தது). "ஏய்யா, குப்புறவா படுக்கச் சொன்னாவ? எங்க மாமனாரை அசையாம மல்லாக்கலா படுக்க வச்சிருந்தாவ. ஒண்ணுக்குப் போகக்கூட எந்திரிக்க விடல. நீ மல்லாந்து படு ராசா, கண்ணு விஷயம்" என்றார். "அத்தை, இப்போ கண்ணுக்குள்ள கேஸ் அடைச்சிருக்காங்க" என்றாள் மனைவி. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "கேஸா?" என்று மட்டும் கேட்டார்.

பெரியம்மாவின் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாத குடும்பம் எங்களுடையது. ஆனால் அன்று அதைக் கேட்டிருந்தால் கண்ணுக்குக் கேடு. அதனால்தான், படிக்க முடிகிற நிலை வந்ததும், அவர் சொன்ன வைத்தியமும் என் டாக்டர் சொன்ன வைத்தியமும் எங்கே பிரிந்தன என்று தேடிப் படித்தேன்.

முதலில் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் சின்னக் கிழிசல். மழை பெய்கிறது. கிழிசல் வழியாகத் தண்ணீர் பின்னால் இறங்கி, போஸ்டர் உப்பி, கடைசியில் முழுசாகக் கழன்று தொங்குகிறது. ரெட்டினா அந்தப் போஸ்டர். கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய திரை. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் என்கிற கூழ் வயதாக ஆக நீர்த்துச் சுருங்கும்போது திரையை இழுத்துக் கிழித்துவிடும். கிழிசல் வழியாக நீர் பின்னால் போகும். திரைக்கான பிராணவாயுவில் பெரும்பகுதி பின்னால் இருக்கும் சுவரிலிருந்துதான் வருகிறது. கழன்ற இடம் பட்டினி கிடக்கும். நடுவில் மாகுலா என்றொரு புள்ளி இருக்கிறது. எழுத்துப் படிப்பது, முகம் அடையாளம் காண்பது எல்லாம் அதன் வேலை. அதுவும் கழன்றுவிட்டால் ஒட்டிய பிறகும் பழைய பார்வை முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

1851 வரை இப்படி ஒன்று நடப்பதை உயிருள்ள மனிதரின் கண்ணில் யாரும் சரியாகப் பார்க்கவே முடியவில்லை. அந்த வருடம் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கண்ணுக்குள் பார்க்கும் கருவியைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். வியாதி தெரிந்தது, வைத்தியம் தெரியவில்லை. கழன்ற திரை கண்ணுக்குள் அலையாடுவதைப் பார்த்த டாக்டர்களுக்கு, ஆட்டத்தை நிறுத்தினால் ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றியது. ஆகவே ஓய்வு. இரண்டு கண்ணையும் கட்டு. ஒன்று அசைந்தால் மற்றதும் அசையுமே. மல்லாந்து படு. வாரக்கணக்கில் கிட.

இதை மூடத்தனம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அசையாமல் கிடந்தால் திரைக்குப் பின்னால் உள்ள நீர் ஓரளவு வற்றுவது உண்மை. கிழிசல் இருக்கும் பக்கம் அடியில் வரும்படி படுத்தால் திரை தன் கனத்தில் சுவரோடு படியும் என்பதும் உண்மை. ஆனால் கிழிசல் திறந்தே இருக்கிறது. எழுந்து நடந்த சில நாளில் மறுபடி நீர் இறங்கிவிடும். ஒழுகுகிற தொட்டியை ஓட்டை அடைக்காமல் நிரப்பிக்கொண்டிருந்த கதைதான். 1912இல் அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த டெரிக் வெயில் என்ற கண் டாக்டர் நாடு முழுக்க உள்ள சக டாக்டர்களுக்குக் கடிதம் எழுதி, இந்த வியாதியில் எத்தனை பேரைக் குணப்படுத்தினீர்கள் என்று கேட்டார். வந்த பதில்களைக் கூட்டிப் பார்த்தால் ஆயிரத்துக்கு ஒன்று தேறியது. எங்கள் தொழிலில் சொன்னால், 99.9 சதவீதம் வாராக்கடன்.

அந்தக் கணக்கை மாற்றியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஜூல்ஸ் கோனின். 1870இல் பிறந்தவர். அவர் சொன்னது ஒரே வரி: கிழிசல்தான் காரணம், அதை அடைத்தால்தான் குணம். கிழிசல் இருப்பதை அவருக்கு முன்பே சிலர் பார்த்திருந்தார்கள். ஆனால் அது விலகலின் விளைவா காரணமா என்பதில் சண்டை ஓயவில்லை. கோனின் மணிக்கணக்கில் கண்ணுக்குள் தேடுவார். கிழிசலைக் கண்டுபிடித்து, அது கருவிழி ஓரத்திலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்று அளந்து, கண்ணின் வெளிச்சுவரில் அதே இடத்தில் பழுக்கக் காய்ச்சிய முனையைச் செருகுவார். நீர் வெளியேறும், சூட்டுத் தழும்பில் கிழிசல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். 1920 வாக்கில் அவர் இதைச் சொன்னபோது பெரியவர்கள் நம்பவில்லை. 1929இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலகக் கண் மருத்துவ மாநாட்டுக்குள் மற்ற நாட்டு டாக்டர்களும் அதைச் செய்து பார்த்து, ஆமாம் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். ஆயிரத்துக்கு ஒன்று என்பது கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று ஆனது. கோனின் 1935இல் காலமானார்.

இதற்குப் பிறகு படுக்கை போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. சுட்ட தழும்பு உறுதிப்படப் பத்து, பதினான்கு நாள் ஆகும். அதுவரை ஆடினால் பிய்ந்துவிடுமோ என்ற பயம் டாக்டருக்கு. ஆகவே கட்டும் மணல் மூட்டையும் தொடர்ந்தன. பெரியம்மாவின் மாமனார் மூன்று வாரம் அப்படிக் கிடந்தாராம். ஊட்டிவிடுவது, பெட்பேன், எல்லாம் படுத்த படுக்கையில். அவர் ராத்திரியில் எழுந்து, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகணும் என்று கட்டைப் பிய்க்க வருவாராம். புத்தி பேதலித்துவிட்டதோ என்று வீட்டில் அழுதிருக்கிறார்கள்.

இந்தக் கடைசி விவரத்தைக் குடும்பக் கதை என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு பார்த்தால், 1958இல் பாஸ்டனின் வெய்ஸ்மன், ஹாக்கெட் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் இதைப் பற்றியே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். கண் ஆபரேஷனுக்குப் பின் இரண்டு கண்ணும் கட்டப்பட்டவர்களுக்கு வரும் பிதற்றலுக்கு 'கறுப்புக் கட்டுப் பிதற்றல்' என்றே பெயர் இருந்திருக்கிறது. இருட்டில், அசைய முடியாமல், யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று தெரியாமல் கிடப்பவருக்கு மனம் தானாக ஒரு உலகத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அவர்கள் சொன்ன மருந்தில் முக்கியமானது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது. பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "அவரு பைத்தியம் இல்லேன்னு நான் அப்பவே சொன்னேன்லா" என்றார். ஐம்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு ஒரு மனிதரின் பெயர் சுத்தமாயிற்று.

படுக்கையைச் சுருக்கியது இரண்டு விஷயங்கள். ஒன்று, கண்ணுக்கு வெளியே ஒரு முட்டுக் கொடுப்பது. திரையைச் சுவருக்குக் கொண்டுவருவதற்குப் பதில் சுவரைத் திரையிடம் கொண்டுபோவது. 1949இல் ஜெர்மனியின் கஸ்டோடிஸ், கண்ணின் வெளிச்சுவரில் சின்ன அடைப்புத் துண்டை வைத்துத் தைத்து உள்ளே மேடாக அழுத்தினார். 1951 வாக்கில் அமெரிக்காவில் சார்ல்ஸ் ஷெப்பென்ஸ் அதையே கண்ணைச் சுற்றி ஒரு பட்டையாகக் கட்டினார். கிழிசல் இப்படி முட்டின் மேல் உட்கார்ந்துவிட்டால் நோயாளியின் அசைவுக்குப் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. படுக்கை நாட்கள் படிப்படியாகக் குறைந்தன.

ஷெப்பென்ஸ் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1912இல் பெல்ஜியத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் போலீஸிடமிருந்து தப்பி, பொய்ப் பெயரில் பிரான்ஸின் பைரனீஸ் மலையடிவாரத்தில் மாந்திவ் என்ற கிராமத்தில் மரம் அறுக்கும் ஆலை நடத்தினார். ஆலை நிஜம்தான், மரமும் நிஜம்தான். மரம் வெட்டப் போகிறவர்கள் என்ற போர்வையில் மலையேறியவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் எல்லை தாண்டி ஸ்பெயினுக்குள் தப்பினார்கள். போர் முடிந்ததும் லண்டனில், இரண்டு கண்ணாலும் ஆழம் தெரியப் பார்க்கிற, நெற்றியில் மாட்டிக்கொள்ளும் கருவியை உருவாக்கினார். இன்றைக்கும் ரெட்டினா டாக்டர்கள் தலையில் விளக்கோடு குனிந்து பார்க்கிறார்களே, அது அந்த வம்சம். கோனின் மணிக்கணக்கில் தேடிய கிழிசலை இதை வைத்துச் சில நிமிடத்தில் தேடலாம். பிறகு பாஸ்டனுக்குப் போனார். நம்மூருக்கும் அவருக்கும் ஒரு நூல் உண்டு. சங்கர நேத்ராலயாவை 1978இல் தொடங்கிய டாக்டர் எஸ்.எஸ்.பத்ரிநாத், 1970 வரை பாஸ்டனில் ஷெப்பென்ஸிடம் பயிற்சி பெற்றவர். ஷெப்பென்ஸ் 2006இலும் பத்ரிநாத் 2023 நவம்பரிலும் காலமானார்கள்.

இரண்டாவது விஷயம்தான் என்னைக் குப்புறப் போட்டது. குமிழ்.

கண்ணுக்குள் காற்று ஊதுவது ஒன்றும் புதிய யோசனை இல்லை. 1911இலேயே ஜெர்மனியில் ஓம் என்பவர் செய்து பார்த்திருக்கிறார். ஆனால் அப்போது கிழிசலை அடைக்க வேண்டும் என்ற அறிவு பரவவில்லை. 1938இல் ஸ்வீடனின் ரோசென்கிரன் இரண்டையும் சேர்த்தார். கிழிசலை மின்சூட்டால் சுட்டு, காற்றைச் செலுத்தி, அந்தக் காற்றுக் குமிழ் சரியாகக் கிழிசலின் மேல் போய் நிற்கும்படி நோயாளியைப் படுக்கவைத்தார். வரலாற்றில் இந்த இடம்தான் திருப்பம் என்பேன். அதுவரை படுக்கை என்றால் அசையாமல் இருப்பது. இனிமேல் படுக்கை என்றால் ஒரு பொருளை ஓர் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவது. ஓய்வு, வேலையாக மாறிவிட்டது. அந்த வேலையைச் செய்கிறவர் நோயாளி.

கொத்தனார் கையில் ரசமட்டம் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழ். எந்தப் பக்கம் உயர்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். கண்ணுக்குள் விட்ட குமிழும் அப்படியே. எப்போதும் மேலே போகும். ஆகவே கிழிசல் எங்கே இருக்கிறதோ அந்த இடம் மேலே வரும்படி தலையை வைக்க வேண்டும். கண்ணின் மேல்பக்கம் கிழிசல் என்றால் நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும். எனக்கு வலது கண்ணில் மேல்பக்கமாக வெளிப்புறம், காதை ஒட்டிய பக்கம். அது மேலே வர இடப்பக்கம் ஒருக்களிக்க வேண்டும். மாகுலா கண்ணின் பின்சுவரில் இருக்கிறது. பின்சுவர் மேலே வர வேண்டுமானால் முகம் தரையைப் பார்க்க வேண்டும். கீழ்ப்பக்கக் கிழிசல்தான் தொல்லை. தலைகீழாக யாரால் நிற்க முடியும்? முதல் பாராவில் வந்தவர்களின் ஆளுக்கொரு உத்தரவுக்கு விளக்கம் இவ்வளவே. கிழிசல் வேறு, படுக்கை வேறு.

குமிழ் திரையைப் பலமாக அமுக்கி ஒட்டவைக்கிறது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். குமிழின் பரப்பு இழுவிசை கிழிசலின் வாயை மூடிக்கொண்டு, புதிதாக நீர் போகாமல் தடுக்கிறது. ஏற்கெனவே பின்னால் இருக்கும் நீரைக் கண்ணின் சுவரே உறிஞ்சிவிடுகிறது. லேசரோ, உறையவைக்கும் கிரையோவோ போட்ட தழும்பு கெட்டிப்படும்வரை குமிழ் வாசலில் காவல் நிற்க வேண்டும். வாட்ச்மேன் வேலைதான். ஆனால் வாட்ச்மேன் நிற்க வேண்டிய வாசல், நாம் புரண்டு படுத்தால் மாறிவிடும்.

மல்லாந்து படுத்தால் என்ன? குமிழ் மேலே, அதாவது கண்ணின் முன்பக்கம் வந்து லென்ஸைத் தொடும். கண்புரை வரலாம், கண் அழுத்தம் ஏறலாம், முக்கியமாகக் கிழிசலுக்குக் காவல் இல்லாமல் போகும். குமிழ் இல்லாத காலத்தில் கிழிசல் அடியில் இருக்க வேண்டும். குமிழ் வந்த பிறகு கிழிசல் மேலே இருக்க வேண்டும். பெரியம்மாவின் மாமனாருக்குச் சொன்னதும் எனக்குச் சொன்னதும் அச்சாகத் தலைகீழானதற்குக் காரணம் இதுதான்.

சாதாரணக் காற்று சில நாளில் கரைந்துவிடும். 1970இல் மயாமியில் ராபர்ட் மாகெமர் கண்ணுக்குள் சின்னக் கருவியை விட்டுக் கூழையே வெட்டி எடுக்கும் விட்ரெக்டமியைக் கொண்டுவந்தார். (ஆரம்பப் பரிசோதனையைக் கோழி முட்டையின் வெள்ளைக்கருவில் செய்து பார்த்தாராம்.) கூழ் போன இடத்தில் பெரிய குமிழ் வைக்கலாம். 1973இல் அதே மயாமியில் எட்வர்ட் நார்ட்டன், சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு என்ற வாயுவைப் பயன்படுத்திப் பலன் எழுதினார். துணைமின் நிலையங்களில் பிரேக்கருக்குள் அடைத்திருப்பார்களே, அதே வாயு. இது கண்ணுக்குள் சுமார் இரண்டு வாரம் நிற்கும். பின்னால் வந்த பெர்ஃப்ளூரோபுரோப்பேன் ஆறு முதல் எட்டு வாரம். இந்த வாயுக்களைக் கலப்படமில்லாமல் விட்டால், ரத்தத்தில் இருக்கும் நைட்ரஜனும் மற்றதும் குமிழுக்குள் புகுந்து, முதலாவது இரண்டு மடங்காகவும் அடுத்தது நான்கு மடங்காகவும் வீங்கும். அதனால் கண் நிறைய விடும்போது காற்றோடு கலந்துதான் விடுகிறார்கள். வாயு போதாதவர்களுக்குச் சிலிகான் ஆயில். அது 1962இல் பால் சிபிஸ் தொடங்கிவைத்தது. தானாகக் கரையாது, இன்னொரு ஆபரேஷனில் எடுக்க வேண்டும்.

குப்புறப் படுக்கும் வழக்கத்தை வீட்டுக்கு வீடு தெரியவைத்தது விழித்திரை விலகல்கூட இல்லை, அதன் பங்காளியான மாகுலர் ஹோல். மாகுலாவின் நடுவில் விழும் ஓட்டை. 1991 வரை அதற்கு வைத்தியம் கிடையாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் கலிஃபோர்னியாவில் நீல் கெல்லி, ராபர்ட் வெண்டல் இருவரும் விட்ரெக்டமி செய்து, வாயு விட்டு, ஒரு வாரம் குப்புறவே இருக்கச் சொல்லி 52 கண்களின் கணக்கை வெளியிட்டார்கள். 58 சதவீதத்தில் ஓட்டை மூடியிருந்தது. முடியாது என்று எழுதிவைத்த கணக்கில் 58 வசூலானால் யார்தான் விதியை மாற்றத் துணிவார்கள்? ஒரு வாரம் குப்புற என்பது சட்டமாகிவிட்டது.

சட்டம் போட்டவர்களுக்கு அதை அனுபவிப்பவரின் கழுத்து தெரியாது. எனக்கு ஒரு நாள்தான். அதற்கே, பாயில் தலையணையை இரண்டாக அடுக்கி, துண்டை வளையமாகச் சுருட்டி நெற்றிக்குக் கொடுத்து, நடுவில் மூச்சுவிட இடம் விட்டு, அப்படியும் மூன்றாவது மணியில் தோள்பட்டை இற்றுப்போனது. சாப்பாட்டு மேஜையில் நெற்றியைச் சாய்த்து உட்காருவது கொஞ்சம் மேல். இட்லியைக் கீழிருந்து வாய்க்குக் கொண்டுபோகலாம். ரசத்துக்கு ஸ்ட்ரா. முழங்கையை ஊன்றியே கிடந்தால் சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகும்; அங்கே போகும் நரம்பு நசுங்கிக் கை பலவீனமானதை மருத்துவ இதழ்களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். முழங்கைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். காலை நீட்டி மடக்கிக்கொண்டே இருக்கவேண்டும், ரத்தம் உறையாமல். என் மகள் போனில் அலாரம் வைத்து மணிக்கு ஒருதரம் "அப்பா, கால்" என்று வந்து சொல்லுவாள். கறுப்புக் கட்டுக் காலத்துப் பாஸ்டன் டாக்டர்கள் சொன்ன பேச்சுத் துணை எனக்கு அப்படிக் கிடைத்தது.

ஒரு வாரம் உண்மையிலேயே தேவையா என்று 1990களிலேயே சிலர் கேட்டார்கள். 1997இல் அமெரிக்காவின் டோர்னாம்பி, குப்புறப் படுக்காமலே மாகுலர் ஹோல் மூடுகிறது என்று எழுதினார். 2020இல் பிரிட்டனில் 185 பேரை வைத்துச் செய்த பரிசோதனை வெளியானது. பெரிய மாகுலர் ஹோல் உள்ளவர்கள்தான். குப்புறப் படுத்தவர்களில் 95.5 சதவீதம் மூடியது. முகம் நேரே வைத்தவர்களில் 85.6. பத்து சதவீத வித்தியாசம் இருந்தாலும், இது தற்செயலாக வந்திருக்கலாம் என்பதை அந்த எண்ணிக்கையால் தள்ள முடியவில்லை என்றார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்கிற கணக்கு. என்னைக் கேட்டால், எனக்கு அந்த ஓட்டை பெரிதாக இருந்தால் பத்து சதவீதத்துக்காகக் குப்புறத்தான் படுப்பேன். உங்கள் கழுத்து, உங்கள் முடிவு.

விழித்திரை விலகலில் கதை எதிர்த்திசையில் போனது. அதே 2020இல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனை, மாகுலாவும் கழன்ற 262 பேரை எடுத்து, முதல் 24 மணி நேரம் பாதிப் பேரைக் குப்புறவும், மீதிப் பேரைக் கிழிசல் இருக்கும் இடத்துக்கேற்பவும் வைத்துப் பார்த்தது. திரை ஒட்டுகிறதா என்பது மட்டும் இங்கே கேள்வி இல்லை. பழைய இடத்திலேயே ஒட்டுகிறதா என்பது. ஆபரேஷன் முடிந்ததும் பின்னால் கொஞ்சம் நீர் மிச்சம் இருக்கும். உடனே எழுந்து உட்கார்ந்தால் அந்த நீர் திரையை ஒரு மயிரிழை கீழே இழுத்துவிட்டு ஒட்டவைக்கும். போஸ்டர் ஒட்டியிருக்கும், ஆனால் அரை அங்குலம் சரிந்து. அப்படிச் சரிந்தால் நேர்கோடு வளைந்து தெரியலாம், இரண்டு கண்ணாலும் பார்த்தால் இரண்டாகத் தெரியலாம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது குப்புறப் படுத்தவர்களில் 42 சதவீதத்துக்கும் மற்றவர்களில் 58 சதவீதத்துக்கும் இந்தச் சரிவு இருந்தது. இரட்டைப் பார்வை 1.5க்கு 7.6. எனக்குக் கிடைத்த 'முதல் நாள் குப்புற, பிறகு ஒருக்களித்து' என்ற உத்தரவு இங்கிருந்து வந்தது என்று பிறகு என் டாக்டரே சொன்னார். ஒரு நாள் கஷ்டத்துக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை. பெரியம்மா சொன்ன பழைய படுக்கை முழுசாகச் செத்துவிடவில்லை. மாகுலா இன்னும் கழலாமல், ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களுக்கு அது திரும்பி வந்திருக்கிறது. ரோட்டர்டாம் டாக்டர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கிழிசல் பக்கம் அடியில் வரும்படி படுத்திருந்த நேரத்தில் விலகல் பரவுவது குறைந்தது. சாப்பிடவும் கழிவறைக்கும் எழுந்த நேரங்களில் முன்னேறியது. ஆக, ஆபரேஷனுக்கு முன் 'கிழிசல் கீழே', பின் 'கிழிசல் மேலே'. வீட்டில் யாருக்காவது வந்தால் எந்தக் கட்டத்துக்கான உத்தரவு என்பதைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வெளியூரில் இருக்கும் நமக்கென்றே ஒரு விஷயம். கண்ணுக்குள் வாயு இருக்கும்வரை விமானம் கூடாது. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் கிட்டத்தட்ட 8000 அடி மலை மேல் நிற்பதற்குச் சமமாகக் குறையலாம். தரையில் உள்ளதில் முக்கால் பங்கு. அழுத்தம் முக்கால் ஆனால் குமிழ் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகப் பார்க்கும். மூடிய கண்ணுக்குள் அதற்கு இடம் எங்கே? கண் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்று, ஒட்டவைத்த கண்ணே பறிபோகலாம். இது எல்லோரும் சொல்வது. யாரும் அதிகம் சொல்லாதது தரைவழி ஏற்றம். பெங்களூரில் இருக்கும் நம்மவர்கள் பலர் கண்ணுக்குச் சென்னைக்குத்தான் போகிறார்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். சென்னையில் வாயு அடைத்துக்கொண்டு காரிலோ ரயிலிலோ வீடு திரும்பினால் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். ஊட்டி, கொடைக்கானல் கேட்கவே வேண்டாம். எங்கே வீடு, எந்த வழியாகப் போகப் போகிறீர்கள் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சில சமயம் வாயுவுக்குப் பதில் ஆயில் வைக்கும் முடிவுகூட இதைப் பொறுத்து மாறும்.

அதேபோல நைட்ரஸ் ஆக்சைடு மயக்க மருந்து. குமிழ் இருக்கும்போது வேறு ஏதாவது விபத்தென்று மயக்கம் கொடுத்தால், அந்த வாயு குமிழுக்குள் பாய்ந்து நிமிடங்களில் வீங்கவைக்கும். பிரிட்டனில் இதற்காக நோயாளியின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி அனுப்புகிறார்கள், வாயு கரையும்வரை கழற்றக் கூடாது. எனக்குப் பட்டை கிடைக்கவில்லை, டிஸ்சார்ஜ் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அதை நாலாக மடித்து, ஆதார் அட்டையோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏழு வாரம் ஆபீஸ் போய்வந்தேன்.